அபராதம் கோயிலுக்கு, நஷ்டம் யாருக்கு?

கேள்வி: எங்கள் ஊர் களக்காட்டுக்குப் பக்கம். போன கோயில் கொடை விழாவில் மைக் செட் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதில் எங்களுக்கும் ஒரு பங்காளி குடும்பத்துக்கும் வாய்த்தகராறு. கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன், ஒரு வாரம் கழித்து அவர்கள் தோட்டத்தில் குலை தள்ளிய ஏத்தன் வாழைகளை இரவோடு இரவாக வெட்டிவிட்டான். அவனே ஒப்புக்கொண்டான். போலீசுக்கு யாரும் போகவில்லை. அடுத்த கொடை நெருங்குகிறது. எங்களிடம் கொடை வரி வாங்கக் கூடாது என்கிறார்கள் சிலர். பையன் சபையில் காலில் விழுந்து, கோயிலுக்கு அபராதம் கட்டினால் போதும் என்கிறார்கள் பெரியவர்கள். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்காதீர்கள். அந்த ஏற்பாட்டில் வாழையைப் பறிகொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமில்லை. பணம் கோயில் கணக்குக்குப் போகிறது, பெருமை தீர்ப்புச் சொன்னவர்களுக்குப் போகிறது. ஊர் பார்க்கக் காலில் விழுந்த பையனுக்கோ, தான் செய்த தப்பைவிடத் தனக்கு நேர்ந்த அவமானம்தான் மனத்தில் நிற்கும். அடுத்த சண்டைக்கு அதுவே விதை.

மறுசீரமைப்பு நீதி என்று சட்டம் படிப்பவர்கள் சொல்லும் முறை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது: யாருக்குப் பாதிப்பு, அதை யார் எப்படிச் சரிசெய்வது? கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் 1974-இல் இரண்டு இளைஞர்கள் போதையில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அதிகாரி ஒருவரின் யோசனையை ஏற்று, நீதிபதி அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே அனுப்பினார். நேரில் பேசினார்கள், நஷ்டத்தைக் கொடுத்தார்கள்.

உங்கள் ஊரில் இதைச் செய்ய முதலில் நடுவர் வேண்டும். இரண்டு பக்கமும் உறவில்லாத, கொடைக் கமிட்டியில் இல்லாத, கட்சிக் கொடி பிடிக்காத ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிடைத்தால் நல்லது. அவர் தீர்ப்புச் சொல்ல வருபவர் அல்லர். இரு வீட்டாரையும் தனித்தனியே சந்தித்து, நேரில் பேச இருவருக்கும் விருப்பம்தானா என்று கேட்க வேண்டும். இந்த முன்சந்திப்பில்தான் பாதி வேலை இருக்கிறது. தோட்டக்காரர் “அவன் முகத்தில் விழிக்க மாட்டேன்” என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது. நடுவர் வழியாகவே பேசி முடிக்கலாம்.

கோயில் மண்டபம் வேண்டாம். பள்ளி வகுப்பறை போதும். இரு தரப்பிலும் நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். வேடிக்கை பார்க்க வருபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். தோட்டத்தின் பாட்டப் பணத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நகையை அடகு வைத்தவர் அந்த வீட்டு அம்மாவாக இருந்தால், அவர் வாயால் அதைக் கேட்பது பையனுக்கு எந்தப் பெரியவரின் புத்திமதியையும்விட உறைக்கும். பையன் முதலில் நடந்ததை மறைக்காமல் சொல்லட்டும். பிறகு அவர்கள் பேசட்டும், குறுக்கே யாரும் பேசக் கூடாது. “ஏன்டா செய்தாய்?” என்று மடக்கினால் சாக்குத்தான் வரும். “அன்று என்ன நினைத்தாய், இப்போது என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். மைக் செட் சண்டையில் உங்கள் வீட்டார் சொன்ன சொற்களும் அங்கே வரும். காது கொடுத்துக் கேளுங்கள்.

ஈட்டுத்தொகையைக் குத்துமதிப்பாகப் பேசாதீர்கள். வெட்டுப்பட்ட குலைகள் எத்தனை, அன்றைய சந்தை விலை என்ன என்று கணக்கெடுங்கள். அடிக்கட்டையிலிருந்து பக்கக்கன்று கிளம்பியிருக்கும் என்பதால் தோப்பு முழுவதும் போகவில்லை, போனது குலை. பணத்தோடு உழைப்பும் சேரலாம்: விடுமுறை நாளில் மண் அணைப்பது, காற்றுக் காலத்துக்கு முன் முட்டுக் கொடுப்பது. ஆனால் பையன் தன் தோட்டத்துக்குள் வரலாமா என்பதைத் தோட்டக்காரர்தான் சொல்ல வேண்டும். தவணைத் தேதிகளோடு எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். சரிபார்க்க ஒரு நாளும் குறித்துவிடுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. மிரட்டலோ கட்டாயமோ கலந்தால் உங்கள் கூட்டமும் அந்தக் கணக்கில்தான் சேரும். தனிநபர் சொத்துக்கு மட்டும் சேதம் என்றால், வழக்குப் பதிவானாலும் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒப்பந்தத்துக்கு வலு வேண்டுமானால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி மக்கள் நீதிமன்றத்தில் வையுங்கள். கட்டணம் இல்லை, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பிறப்பிக்கும் உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

நீங்கள் பங்காளிகள் என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். சாதி வெறியில் பட்டியல் சாதியினர் மீது நடந்த தாக்குதல் என்றால் பதில் வேறு. அங்கே 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, இந்த மாவட்டத்தில் யாரும் அதை ‘பேசித் தீர்க்கலாம்’ என்று சொல்லக் கூடாது.

வரி விஷயத்தை இந்தக் கூட்டத்தில் கலக்காதீர்கள். ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைக்க ஊருக்கு அதிகாரம் கிடையாது. கொடைக்குக் கால்நாட்டும் முன்பே கமிட்டியிடம் வரியைக் கொடுங்கள். வாங்க மறுத்தால் நாங்குநேரி வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அமைதிக் கூட்டம் கூட்டச் சொல்லுங்கள்.