மறு: மாணவர்கள் பக்கவிளைவுப் படிவத்தை நிரப்பத் தயங்குகிறார்கள்

'மருந்துதான் காரணம்னு உறுதியாத் தெரியல' என்று மாணவர்கள் படிவத்தை வெறுமனே விட்டுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். விளைவுக்கு மருந்துதான் காரணமா என்று கணிக்கும் நரஞ்சோ மதிப்பெண்ணை முதலிலேயே நடத்தினால் இப்படித்தான் ஆகும். 'உறுதி' என்பதற்கான 9 வந்தால்தான் அனுப்பலாம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதைப் பின்னால் தள்ளுங்கள். அறிக்கை அனுப்பச் சந்தேகமே போதும். அடையாளம் காணத்தக்க நோயாளி, தகவல் தருபவர், சந்தேக மருந்து, நேர்ந்த விளைவு ஆகிய நான்கும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு இந்தக் கேஸைக் கொடுங்கள்: காலை 10.00, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராம் டிரிப். 10.15க்குள் முழுக்க ஏறிவிட்டது. 10.20, முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பு. 10.50, தணிந்தது. பாதிப் பேர் 'வான்கோமைசின் அலர்ஜி' என்றே எழுதுவார்கள். பாடமே அங்கேதான். 1 கிராமைக் குறைந்தது 60 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால், அலர்ஜி இல்லாமலேயே, அரிப்பும் சிவப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமின் உடலில் வெளியாகி இப்படிச் சிவக்கும். மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் மறுபடி கொடுக்கலாம். சார்ட்டில் 'அலர்ஜி' என்று ஏறிவிட்டாலோ, தேவைப்படும்போது யாரும் அந்த மருந்தைத் தொடமாட்டார்கள். ஆகவே கண்டதை மட்டும், நேரத்தோடும் ஏற்றிய வேகத்தோடும் எழுதச் சொல்லுங்கள்.

கூட எடுக்கும் மருந்துகள் என்ற கட்டம்தான் அதிகம் காலியாகக் கிடக்கும். தானே வாங்கிப் போட்ட வலி மாத்திரை, மூலிகைப் பொடி எல்லாம் அதில் வர வேண்டும். தடுப்பூசி என்றால் பேட்ச் எண்ணையும் கேளுங்கள்.