ஹால்ல நிக்கிறது போலீஸ் வேலையா?

கேள்வி: அக்கா, கவர்மென்ட் ஸ்கூல்ல வேலைக்கு சேர்ந்து இந்த வருஷம்தான் முதல் தடவையா பிளஸ் டூ பரீட்சைக்கு ஹால் சூப்பர்வைசரா போனேன். ஒரு பையன் பரீட்சை அட்டைக்கு அடியில பிட்டு வச்சிருந்தான். நான் எடுத்ததும் கை நடுங்கி அழுதுட்டான். பாவமா இருந்துச்சு, பிட்டை கிழிச்சுப் போட்டுட்டு எழுதுப்பான்னு விட்டுட்டேன். வெளிய வந்தா ஒரு டீச்சர் "நீ பாக்காத மாதிரியே இருந்திருக்கலாம்"ங்கிறாங்க, இன்னொரு சார் "ரிப்போர்ட் பண்ணிருக்கணும்"ங்கிறார். மூணு மணி நேரம் புள்ளைங்கள சந்தேகப்பட்டுக்கிட்டே நிக்கிறதுதான் நம்ம வேலையா?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தங்கச்சி, உன் மனசு நல்ல மனசுதான், ஆனா பிட்டை கிழிச்சிருக்கக் கூடாதும்மா. நேரா முதன்மைக் கண்காணிப்பாளருக்கு சொல்லி அனுப்பிருக்கணும். அவர் வந்து பையன்கிட்ட எழுதி வாங்கி என்ன செய்யணுமோ செய்வார், அந்த முடிவு உன் தலையில இல்ல. நீ தனியா மன்னிச்சதால இப்ப நீ தனியா சுமக்குற, தூக்கம் போகுது. சரி, நடந்தது நடந்துருச்சு.

அந்த டீச்சர் சொன்னத மட்டும் காதுலயே போட்டுக்காத. ஒரு ரூமுக்கு 20 பேர், அதுல ஒருத்தன் அழுதது உனக்குத் தெரிஞ்சுது, மத்த 19 பேர் அழல, அவ்ளோதான். இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்க வச்சு 200க்கு கட் ஆஃப் போடுறாங்க, அதுல அரை மார்க் குறைஞ்சாலே ரேங்க் எங்கயோ போயிடும், கேட்ட காலேஜ் கிடைக்காது. பிட்டுல வந்த மார்க் ராத்திரியெல்லாம் முழிச்சுப் படிச்ச ஏதோ ஒரு பொண்ணத்தான் கீழ தள்ளுது, அவளுக்காகப் பேச அந்த ரூம்ல உன்னை விட்டா வேற யாரும் இல்ல.

ஆனா போலீஸ் வேலையான்னா, இல்லவே இல்ல. என்னைக் கேட்டா நம்ம வேலையில பாதி பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிரணும். உள்ள வரும்போதே "பாக்கெட்ல, பாக்ஸ்ல ஏதாச்சும் இருந்தா வெளிய போட்டுட்டு வாங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டோம்"னு ஒரு தடவை பொறுமையா சொல்லிப் பாரு, பல பிட்டு அங்கயே குப்பைக்குப் போயிடும், யாரு வாழ்க்கையும் கெடாது. அப்புறம் 10 மணிக்கு கேள்வித்தாள், படிக்க 10 நிமிஷம், விவரம் சரிபார்க்க 5 நிமிஷம், 10.15க்குத்தான் எழுத ஆரம்பிப்பாங்க இல்லையா, அந்த கால் மணி நேரம் ரொம்ப முக்கியம். முகப்புத் தாள்ல இருக்குற போட்டோவும் நம்பரும் அந்தப் புள்ளையோடதுதானா, கேள்வித்தாள் அவங்க மீடியம்தானான்னு ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போய் பாரு. பதட்டத்துல அவங்க கவனிக்க மாட்டாங்க. கூடுதல் தாளுக்கு கை தூக்கினா உடனே போ, ஒரு நிமிஷம்னாலும் அது அவங்க நிமிஷம். கடைசியில தாள் வரிசையா இருக்கான்னு பாத்து நூல் கட்டச் சொல்லு. யாரு பின்னாடியும் ரொம்ப நேரம் நிக்காத, எழுதுற கை நின்னுரும். வாசல்ல நின்னு பக்கத்து ரூம் டீச்சரோட பேசவே பேசாத, நமக்கு அது ரெண்டு வார்த்தை, கணக்குப் போடுற புள்ளைக்கு அது பெரிய சத்தம். ஒரு பொண்ணு திடீர்னு வெளிய போகணும்னா எதுக்குன்னு எல்லார் முன்னாடியும் கேக்காத, கிட்டப் போய் கேளு, துணைக்கு ஒரு லேடி ஸ்டாஃப்ப அனுப்பச் சொல்லு.

கண்டிப்புங்கிற பேர்ல எல்லை தாண்டினா என்ன ஆகும்னும் பாத்துட்டோம். 2017 நீட்ல கேரளா கண்ணூர்ல சோதனைங்கிற பேர்ல ஒரு பொண்ண உள்ளாடையக் கழட்ட வச்சாங்க, 4 டீச்சர்கள சஸ்பெண்ட் பண்ணாங்க. அப்படி உள்ள போற புள்ள என்னத்த நினைவுபடுத்தி எழுதும் சொல்லு? இப்ப நினைச்சாலும் எனக்கு ஆத்திரம் வருது.

அந்தப் பையன தேடிப் போயோ, அவன் யாருன்னு வெளிய சொல்லியோ எதுவும் பண்ணாத. அடுத்த டியூட்டிக்கு முன்னாடி மீட்டிங் வைப்பாங்கள்ல, அதுல வெக்கப்படாம கேளு: பிட்டு கிடைச்சா யாரு மூலமா சொல்லி அனுப்பணும், நீ ரூம விட்டு நகர முடியாதே, யாராச்சும் மயங்கி விழுந்தா யாரக் கூப்பிடணும், எந்த ரூம்லயாச்சும் உடம்பு சரியில்லாத புள்ள இருக்கா. இத எல்லாம் முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கிட்டா ஹால்ல உனக்கும் கை நடுங்காது.