கடலே இல்லாத பொலிவியாவுக்குக் கடற்படை எதற்கு?

தென் அமெரிக்காவின் நடுவில், நாலாபக்கமும் நிலம் சூழ்ந்த பொலிவியா ஏன் கடற்படை வைத்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 1879 வரை அவர்களுக்கும் பசிபிக் கரையில் கடற்கரை இருந்தது. அது கைவிட்டுப் போனதை அந்த நாடு இன்றுவரை மனதார ஏற்கவில்லை. கடற்படை இருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

எனக்கு வேலை சரக்குக் கப்பல் ஆவணங்களோடு. பொலிவியாவுக்குப் போகும் சரக்கென்றால், இறக்கும் துறைமுகம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் சிலி நாட்டின் அரிக்கா என்று இருக்கும். கூடவே "பொலிவியாவுக்குக் கடந்து செல்லும் சரக்கு" என்றொரு வரியும் இருக்கும். அந்த வரியின் வேர் 1904-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இந்த நாட்டைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். ஆண்டீஸ் மலை இங்கே இரண்டு தொடர்களாகப் பிரிகிறது. நடுவில் அல்டிபிளானோ என்ற பீடபூமி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீட்டர் உயரத்தில். லா பாஸ் நகரத்தின் விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இந்தப் பீடபூமியின் தண்ணீர்கூடக் கடலுக்குப் போவதில்லை. டிட்டிகாக்கா ஏரியிலிருந்து வழிவது தேசாகுவாதேரோ ஆறாகத் தெற்கே ஓடி போபோ ஏரியில் சேரும், அங்கேயே ஆவியாகும். அந்த போபோ ஏரியும் 2015-இல் வற்றிப்போனது. இன்னும் தெற்கே 10,000 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது உயுனி உப்புப் பாலைவனம். பொலிவியா என்றதும் மலைதான் நினைவுக்கு வரும், ஆனால் நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு கிழக்கே உள்ள தாழ்நிலம். அங்குள்ள ஆறுகள் அமேசானுக்கும் பராகுவே ஆற்றுக்கும் போகின்றன.

1825-இல் விடுதலை கிடைத்தபோது மக்கள் பெரும்பாலும் மேட்டு நிலத்தில், பொதோசி போன்ற சுரங்க ஊர்களைச் சுற்றி இருந்தார்கள். ஸ்பானியர் காலத்தில் பொதோசியின் வெள்ளி இறங்கிய அரிக்கா துறைமுகம் பெருவின் பங்குக்குப் போய்விட்டது. பொலிவியாவுக்குக் கிடைத்த கரையோ அடகாமா பாலைவனம், உலகத்திலேயே மிக வறண்ட இடங்களில் ஒன்று. கோபிஹா என்ற சிறிய துறைமுகத்தை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். மலைத்தொடரையும் பாலைவனத்தையும் தாண்டிக் கோவேறு கழுதையில் போய்ச் சேர வேண்டும். என்னைக் கேட்டால், கடற்கரை கைநழுவுவதற்கான வழி அப்போதே திறந்துவிட்டது. சொந்த மக்கள் குடியேறாத கரை அது.

அப்புறம்தான் அந்தப் பாலைவனத்துக்கு மதிப்பு வந்தது. முதலில் உரமாகும் கடற்பறவை எச்சம், பிறகு வெடியுப்பு. முதலீடு சிலிக்காரர்களுடையதும் பிரிட்டிஷ்காரர்களுடையதும். கூலியாட்களும் சிலியிலிருந்து வந்தவர்கள். அந்தோஃபகஸ்தா பொலிவிய ஊர்தான், ஆனால் அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் சிலி நாட்டவர். சிலி நிறுவனங்களுக்கு 25 ஆண்டுகள் வரியைக் கூட்டுவதில்லை என்று 1874-இல் ஒப்பந்தம் போட்டார்கள். 1878-இல் பொலிவிய நாடாளுமன்றம் சுமார் 46 கிலோ வெடியுப்புக்கு 10 சென்டாவோ காசு என்று வரி போட்டது. அங்கிருந்த சிலி நிறுவனம் கட்ட மறுத்தது. அதன் சொத்தை ஏலம் விட நாள் குறித்தார்கள். அந்த நாளான 1879 பிப்ரவரி 14 அன்று சிலிப் படை அந்தோஃபகஸ்தாவில் வந்து இறங்கியது. எதிர்த்து நிற்கப் பொலிவியாவிடம் ஒரு போர்க்கப்பல்கூட இல்லை.

மார்ச் 23 அன்று கலாமா ஊரில் சுமார் 135 பேர் எதிர்த்து நின்றார்கள், பலர் சாதாரணக் குடிமக்கள். அவர்களில் எதுவார்தோ அபரோவா என்பவர், சரணடையச் சொன்னபோது "நானா? உன் பாட்டி சரணடையட்டும்!" என்று கத்திவிட்டு உயிரை விட்டதாகச் சொல்வார்கள். பொலிவியப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வசனம் இது. அந்த நாளைத்தான் ஒவ்வொரு ஆண்டும் கடல் தினமாக அனுசரிக்கிறார்கள். பொலிவியாவோடு செய்திருந்த ரகசிய ஒப்பந்தத்தின்படி பெருவும் போரில் சேர்ந்து தோற்றது, அரிக்காவும் சிலியிடம் போனது.

சிலியோடு செய்த 1904 ஒப்பந்தத்தில் பொலிவியா தன் கரையை முறைப்படி விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு 3,00,000 பவுண்டு, அரிக்காவிலிருந்து லா பாஸுக்கு ரயில் பாதை, சிலித் துறைமுகங்கள் வழியே சரக்கை என்றைக்கும் தடையில்லாமல் கொண்டுபோகும் உரிமை. ரயில் 1913-இல் ஓடத் தொடங்கியது. ஆனால் கைவிட்டுப்போன நிலத்துக்குள்தான் உலகின் மிகப்பெரிய செம்புச் சுரங்கங்களில் ஒன்றான சுக்கிகமாட்டா இருக்கிறது. அந்தக் கணக்கை எந்தப் பொலிவியரால் மறக்க முடியும்?

சரி, ஒரு சிறு பாதையாவது திருப்பித் தரலாமே என்று தோன்றும். பழைய பொலிவியக் கரையைக் கொடுத்தால் சிலி இரண்டு துண்டாகும். மிச்சமிருப்பது அரிக்காவுக்கு வடக்கே ஒரு கீற்று. அது முன்பு பெருவின் நிலம், பெருவின் சம்மதமில்லாமல் யாருக்கும் தரக்கூடாது என்று 1929-இல் சிலியும் பெருவும் எழுதி வைத்துவிட்டார்கள். 1975-இல் பொலிவிய அதிபர் பன்செரும் சிலி அதிபர் பினோசேயும் எல்லையில் சந்தித்து இதைப் பேசினார்கள். பெரு வேறு யோசனை சொன்னது, பேச்சு முறிந்தது. 1978-இல் தூதரக உறவும் முறிந்தது. பிறகு பொலிவியா 2013-இல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. பேச்சுவார்த்தைக்கு வரச் சிலிக்குச் சட்டக் கடமை இல்லை என்று 2018 அக்டோபர் 1 அன்று 12-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

கடற்படையை ஆற்று, ஏரிப் படையாக 1963-இல் தொடங்கினார்கள். டிட்டிகாக்கா ஏரியில் திகினா என்ற இடத்தில் தளம் இருக்கிறது. தாழ்நில ஆறுகளில் ரோந்து, கடத்தல் தடுப்பு என்று உண்மையான வேலையும் செய்கிறார்கள். வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்தக் காயம் எவ்வளவு ஆழமானது என்பது 2003-இல் தெரிந்தது. இயற்கை எரிவாயுவைச் சிலித் துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்யும் திட்டத்தை எதிர்த்து, லா பாஸை ஒட்டியுள்ள எல் ஆல்டோ நகரம் கொந்தளித்தது. எரிவாயுவின் லாபம் யாருக்கு என்ற கோபமும் அதில் கலந்திருந்தது. 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், அதிபர் சான்செஸ் தெ லொசாதா பதவி விலகி நாட்டை விட்டே போனார்.

எனக்கென்னவோ, பொலிவியா மேற்கைவிடக் கிழக்கை அதிகம் கவனிக்க வேண்டும் என்று படுகிறது. இன்று நாட்டின் பெரிய நகரம் தாழ்நிலத்தில் உள்ள சான்டா குரூஸ். அங்கே விளையும் சோயா, தமெங்கோ கால்வாய் வழியே பராகுவே ஆற்றில் இறங்கி, பரானா ஆறு வழியாக அட்லாண்டிக் வரை படகில் போகிறது. அந்தக் கால்வாயும் பிரேசில் ஊரான கொரும்பாவை ஒட்டித்தான் போகிறது. பராகுவே ஆற்றில் பொலிவியாவுக்கென்றே நேரடியாக உள்ள கரை மிகக் குறுகியது. அங்கே புவெர்டோ புஷ் என்ற துறை இருக்கிறது, ஆனால் சதுப்பு நிலத்தைத் தாண்டி அதுவரை ஒழுங்கான சாலையும் ரயிலும் போட வேண்டும். நீதிமன்றத்துக்குச் செலவிட்ட அக்கறையில் கொஞ்சம் அந்தச் சாலைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.