அப்பா கேட்டார், தலையாட்டிவிட்டேன்

கேள்வி: எனக்கு வயது 49. பள்ளி ஒன்றில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 83. முப்பது வருடம் கட்சியில் கிளைச் செயலாளராக இருந்தவர். இன்றும் கரை வேட்டிதான் கட்டுவார். நான் வாழ்க்கைப்பட்ட வீடும் அதே கட்சி. அதனால் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று யோசிக்கிற வேலையே எனக்கு வந்ததில்லை. சில வருடங்களுக்கு முன் கணவர் தவறிவிட்டார். அப்புறம் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம் என்று நானே ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். அந்த அலைச்சலில் மனசுக்குள் என்னவோ மாறிவிட்டது. கடந்த இரண்டு தேர்தல்களிலும் வேறு சின்னத்தில் பொத்தானை அழுத்தினேன். யாரிடமும் காசு வாங்கவில்லை. யாரும் என்னைத் தூண்டிவிடவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா, "நம்ம சின்னம்தானேம்மா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். இரண்டு தடவையும். 20 வயது மகனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்கு நிலையான கொள்கையே இல்லம்மா" என்று சிரிக்கிறான். இத்தனைக்கும் எங்கள் தாத்தா கதர் தவிர வேறு உடுத்தாத காங்கிரஸ்காரர். 1967-இல் அப்பா எதிர்ப்பக்கம் வேலை பார்த்தார் என்று ஒரு வருடம் அவரோடு பேசவே இல்லையாம். அப்படிக் கொள்கைப் பிடிப்புள்ள குடும்பத்தில் பிறந்து நான் மட்டும் கட்சி தாவிவிட்டேன். இது துரோகமா? அப்பாவிடம் சொல்லிவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு மன்னிப்பு. எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்கு என்று தெளிவாகவே எழுதியிருந்தீர்கள். இரண்டு பெயர்களையும் நான் அடித்துவிட்டேன். அச்சிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். பாதிப் பேர் 'இப்போதாவது புத்தி வந்ததே' என்பார்கள், மீதிப் பேர் 'நன்றி கெட்டவள்' என்பார்கள், உங்கள் கேள்வி அம்போ என்று நிற்கும். 1972-இல் எம்.ஜி.ஆர். பிரிந்தபோது உங்கள் அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்று எழுதியதையும் அதே காரணத்துக்காக எடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய தாத்தா விஷயத்தைத்தான். குடும்பத்தின் கொள்கைப் பிடிப்புக்குச் சாட்சியாக அதைச் சொல்கிறீர்கள். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. அந்த வீட்டில் முதன்முதலாகச் சின்னத்தை மாற்றியவர் உங்கள் அப்பா. நீங்கள் இரண்டாவது ஆள்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1952, 1957 தேர்தல்களில் சீட்டில் முத்திரை குத்தும் வேலையே கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். உங்கள் தாத்தா உள்ளே போய், நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்திருப்பார். சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி, அவரைப் பொறுத்தவரை அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. உங்கள் அப்பாவுக்கு அப்படியில்லை. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். அடுத்த வருடங்களில் அரிசித் தட்டுப்பாடு. எதிர்ப்பக்கத்து மேடைகளில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்று பேசுகிறார்கள். அப்போது ஓட்டுரிமை 21 வயதில், ஆக 1967-தான் சட்டசபைக்கு அவர் போட்ட முதல் ஓட்டாக இருக்க வேண்டும். அந்தத் தேர்தலில் விருதுநகரில் காமராஜரே, மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். உங்கள் தாத்தா போன்றவர்கள் வீட்டில் அன்று அடுப்பு எரிந்திருக்காது. அதே வீட்டுத் திண்ணையில் உங்கள் அப்பா வெடி வாங்கி வைத்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதில் இன்னொன்று இருக்கிறது. தமிழ்நாடே ஒரு நாளில் மனம் மாறிவிட்டது போல அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் 1962-இல் சுமார் 46 சதவீதம் வாங்கிய காங்கிரஸ் 1967-இலும் சுமார் 41 சதவீதம் வாங்கியது. கூட்டிக் கழித்தால் நூற்றுக்கு ஐந்து ஓட்டுத்தான் போயிற்று. எதிர்க்கட்சிகள் ஓட்டைப் பிரிக்காமல் சேர்ந்து நின்றதால் அந்த ஐந்தே ஆட்சியைக் கொண்டுபோய்விட்டது. பெரும்பாலானவர்கள் தாத்தா மாதிரி நின்ற இடத்திலேயே நின்றார்கள். அப்பா மாதிரிச் சிலரும், புதிதாக ஓட்டு வந்த பிள்ளைகளும்தான் நகர்ந்தார்கள். 'நான் மட்டும் இப்படி' என்கிறீர்களே, அந்தச் 'சிலர்' எல்லாத் தேர்தலிலும் உண்டு.

சாதாரண ஜனங்களை விடுங்கள், பெரியவர்களைப் பாருங்கள். 1938-இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் ராஜாஜி. அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர் பெரியார். 1965-க்கு வாருங்கள். இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை ராஜாஜி எதிர்க்கிறார், மாணவர் போராட்டத்தைப் பெரியார் ஆதரிக்கவில்லை. 1967-இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தி.மு.க.வோடு கூட்டணி. பெரியார் காமராஜர் பக்கம். தேர்தல் முடிந்ததும் அண்ணா போய்ப் பெரியாரைப் பார்த்தார், பெரியாரும் புதிய ஆட்சிக்கு ஆதரவானார். இவர்களில் யாரையாவது கொள்கை இல்லாதவர் என்று உங்கள் மகன் சொல்வானா? பெரியார் கடைசிவரை சாதியை எதிர்த்தார். ராஜாஜி கடைசிவரை ராஜாஜியாகவே இருந்தார். யார் வந்தால் தம் காரியம் நடக்கும் என்ற கணக்கு மட்டும் அவ்வப்போது மாறியது.

நம் வாக்காளர்களும் இந்தக் கணக்கில் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். கட்சிக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதியில் இரண்டே இரண்டு கொடுத்தார்கள். பிப்ரவரியில் அவர் ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டசபைத் தேர்தல் வந்தபோது அதே ஜனங்கள் அவர் கட்சிக்கு 129 இடங்களைக் கொடுத்துக் கோட்டைக்கு அனுப்பினார்கள். இடையில் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1989-இல் ஜனவரியில் சட்டசபைக்கு ஒரு பக்கம், நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு மறுபக்கம். 2019-இல் அதையும் தாண்டிவிட்டார்கள். நாடாளுமன்றத்துக்கு 39-இல் 38 தொகுதிகள் தி.மு.க. கூட்டணிக்கு. ஆனால் அதே தேர்தலை ஒட்டி நடந்த 22 சட்டசபை இடைத்தேர்தல்களில் ஒன்பதை அ.தி.மு.க.வுக்குக் கொடுத்து, எடப்பாடி ஆட்சி கவிழாமல் பார்த்துக்கொண்டார்கள். பல ஊர்களில் ஒரே நாள், ஒரே பூத், பக்கத்துப் பக்கத்து இயந்திரம்.

இப்போது உங்கள் விஷயம். என்ன மாறியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். (அந்தப் பகுதியை இடம் இல்லாததால் வெட்டிவிட்டோம்.) தாலுகா ஆபீஸ் வராந்தாவில் காத்திருந்தபோது, கைநாட்டு வைக்கிற ஒரு பாட்டியை எழுந்து போகச் சொன்னார்களாம், கரை வேட்டி கட்டிய ஒருவர் நேராக உள்ளே போனாராம். 'எல்லாரும் சமம்னு சொல்லித்தான் அப்பா என்னை வளர்த்தார்' என்று அந்த இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆக உங்கள் நம்பிக்கை மாறவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்த அதே நம்பிக்கைதான். அந்த நம்பிக்கைக்கு யார் சரியான ஆள் என்பதில்தான் உங்களுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு. நீங்கள் புதிதாகத் தேர்ந்தெடுத்த ஆட்களும் நாளைக்கு அதே வராந்தாவில் அதையே செய்யலாம். அப்போது மறுபடி மாற்றுவீர்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-இல் வந்தது எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்காக. பள்ளி எழுத்தர்களை அது ஒன்றும் செய்யாது.

இதற்கு நேர் எதிரான ஆட்களையும் எனக்குத் தெரியும். நம்பிக்கை எல்லாம் எப்போதோ கரைந்து போயிருக்கும், சின்னம் மட்டும் மாறாது. பழக்கத்தில் கை தானாக அங்கே போகும். ஊரில் அவர்களைத்தான் 'கொள்கைக்காரர்' என்பார்கள்.

உங்களை ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்க நினைக்கிறேன். இது என் சொந்தக் கதை. 1996-இல், முதன்முறையாக மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கி நம் மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நான் அந்த ஒதுக்கீட்டை ஆரம்பத்திலிருந்தே ஆதரித்தவள். இருபது வருடம் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2016-இல் அதை ஐம்பது சதவீதமாக்கியபோது அலுவலகத்தில் 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று மார்தட்டியதும் உண்டு. போன வருடம் வீடு மாறும்போது டிரங்குப் பெட்டியில் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. என் கையெழுத்தில், 1996 தேதி போட்டு, இரண்டு பக்கம்: 'நாற்காலியில் மனைவி, கையெழுத்து புருஷனுடையது. இந்த ஒதுக்கீடு வெறும் கண்துடைப்பு.' படித்ததும் காது சூடாகிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, சகோதரி. எனக்கு உண்மையாகவே நினைவில்லை. ஊர் ஊராகப் போய்த் தண்ணீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் சண்டை போட்ட தலைவிகளைப் பார்த்துப் பார்த்து மனம் மாறியிருக்கிறது. மாறிய கையோடு பழையதை அழித்தும்விட்டிருக்கிறது.

இது என் ஒருத்தியின் வியாதி இல்லை என்பது கொஞ்சம் ஆறுதல். அமெரிக்காவில் ஒரே ஆட்களை 1965, 1973, 1982 என்று மூன்று முறை தேடிப்போய் அவர்களுடைய அரசியல் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவை, '1973-இல் நீங்கள் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?' என்றும் கேட்டார்கள். வந்த பதில்கள் 73-இல் அவர்களே சொன்னதை விட, 82-இல் அவர்கள் நினைத்ததற்குத்தான் நெருக்கமாக இருந்தன. கிரெகரி மார்க்கஸ் என்ற ஆய்வாளர் 1986-இல் இதை வெளியிட்டார். மாறியதே தெரியாமல் மாறுகிறோம், அப்புறம் 'நான் எப்போதும் இப்படித்தான்' என்கிறோம்.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவின் கட்சிக்கு ஓட்டுப் போட்ட வருடங்களில் அதில் எது உங்களுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். 'நான் ஏமாந்துவிட்டேன்' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். நீங்கள் ஏமாளியாக இருந்திருக்க மாட்டீர்கள். மகனையும் எழுதச் சொல்லுங்கள். இன்று எதை நம்புகிறான், ஏன், எது நடந்தால் மாற்றிக்கொள்வான் என்று எழுதி, கவரில் போட்டு ஒட்டி, உங்கள் பீரோவில் வைத்துவிடுங்கள். அவன் முப்பது வயதில் பிரிக்கட்டும். இளவயதில் பதிவது சீக்கிரம் போகாது என்பதும் உண்மைதான். 1930-களில் அமெரிக்காவின் பென்னிங்டன் கல்லூரியில், பழமைப் பிடிப்புள்ள பணக்கார வீட்டுப் பெண்கள், சீர்திருத்தம் பேசிய அன்றைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பக்கம் சாய்ந்தார்கள். ஐம்பது வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களில் பெரும்பாலோர் அங்கேயே இருந்தார்கள். ஒத்த கருத்துள்ளவர்களையே கணவராகவும் சிநேகிதியாகவும் தேடிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். உங்களுக்கும் அது பொருந்துகிறது பாருங்கள். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே கட்சி. தனியாக ஆபீஸ் படியேறிய பிறகுதான் உங்களுக்கென்று ஒரு ஓட்டு வந்திருக்கிறது.

கடைசியாக அந்தத் தலையாட்டல். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று சொல்லும்படி எந்த நீதிமன்றமும்கூட உங்களைக் கேட்க முடியாது. 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே கேட்கிற அப்பாவை என்ன செய்வது என்று அதில் இல்லை. 83 வயதில் அவர் கேட்பது ஓட்டுக் கணக்குக்காக இருக்காது. தான் வளர்த்த பெண் இன்னும் தன் பக்கம்தானா என்று கேட்கிறார். அதனால் நீங்களாகப் போய், உட்கார வைத்து, ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க வேண்டாம். அது உங்கள் மனபாரத்தை இறக்கி அவர் தலையில் வைப்பது. ஆனால் மூன்றாவது தடவை தலையாட்டவும் வேண்டாம். இரண்டு தடவை ஆட்டியதே இவ்வளவு நாள் உறுத்துகிறது, பாருங்கள்.

அடுத்த முறை அவர் "நம்ம சின்னம்தானேம்மா?" என்றால், பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, 67-ல தாத்தா இதையே கேட்டிருந்தா நீங்க என்னப்பா சொல்லியிருப்பீங்க?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் பேசமாட்டார். அப்புறம் நிறையப் பேசுவார் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வருடம் அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில் பேசாமல் எப்படிச் சாப்பிட்டார்கள், யார் முதலில் வாயைத் திறந்தார்கள் என்பதையெல்லாம் அவர் உங்களிடம் இதுவரை சொல்லியிருக்க மாட்டார். மகனையும் கூட உட்கார வையுங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். சின்னத்தை மட்டும் எழுத வேண்டாம், மறுபடி நான் உட்கார்ந்து அடிக்க வேண்டியிருக்கும்.