லமினேட்டிங் மெசின் பார்ட்ஸ் எங்க எடுக்கலாம்? கேட்ட ஆக்களுக்குப் பதில்

சைன் போர்ட் கடை வைச்சிருக்கிற ஆக்கள் கேட்டதுகளை ஒவ்வொண்டா எடுத்துச் சொல்லுறன்.

கிளிநொச்சித் தம்பி: அண்ணை, கோல்ட் லமினேட்டர் (சூடில்லாம ரோலரால அமத்தி ஸ்டிக்கருக்கு மேல பிளாஸ்டிக் படலம் ஒட்டுற மெசின்) ஓடேக்க ஒரு பக்கம் கரகரக்குது, ஸ்டிக்கரும் சுருங்குது. மெசின்ர பேரைச் சொன்னா ஒரு கடையிலயும் தெரியேல்ல. பெயாரிங்குக்கு எங்க போறது?

பதில்: தம்பி, மெசின்ர பேரை விடுங்கோ, அதைச் சொல்லித் தேடினா தேடிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். செய்யுறவங்களும் அனேகமா கடையில கிடைக்கிற பெயாரிங்கைத்தான் போடுறவங்கள். கழட்டி, கிரீஸைத் துடைச்சு ஓரத்தைப் பாருங்கோ, 6204, 6004 எண்டு ஏதும் பொறிச்சிருக்கும். இந்த ரெண்டுக்கும் உள் ஓட்டை 20 மி.மீ. தான், ஆனா வெளிவட்டம் ஒண்டு 47 மற்றது 42, அதால ஷாஃப்டை மட்டும் அளந்துபோட்டு ஓடாதேங்கோ. நம்பர் அழிஞ்சிருந்தா வேனியர் எண்ட அளவு கருவியால உள், வெளி, தடிப்பு மூண்டையும் எடுங்கோ. மோட்டச்சைக்கிள் பார்ட்ஸ் கடையிலயும் அரிசி மில்லுக்குச் சாமான் விக்கிற கடையிலயும் கேட்டுப் பாத்திட்டு கொழும்புக்கு பஸ் ஏறலாம். 2ஆர்எஸ் எண்டு கேளுங்கோ, ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கும், எங்கட செம்மண் புழுதிக்கு அதுதான் சரி.

சுருங்குறதுக்கு பிரஷரையும் பாருங்கோ. ஒரே அளவு கடதாசித் துண்டு ரெண்டை ரோலர்ர ரெண்டு ஓரத்திலயும் குடுத்து இறுக்கிப்போட்டு கையால இழுத்தா எந்தப் பக்கம் லூஸ் எண்டு தெரியும்.

புதுக்குடியிருப்பு அக்கா: ரோலர் ரப்பரில பிளேட் வெட்டு விழுந்திட்டு. சுப்பர் குளூ போடலாமோ?

பதில்: வேண்டாம் அக்கா, ரோலர்ர சிலிக்கன் ரப்பரில அது ஒழுங்கா ஒட்டாது, ஒட்டினாலும் கட்டியா நிண்டு ஒவ்வொரு சுத்துக்கும் ஸ்டிக்கரில அடையாளம் விழும். வெட்டு ஓரத்தில எண்டா வேலையை மற்றப் பக்கம் தள்ளிச் செய்யுங்கோ. நடுவில எண்டா அச்சக ரோலருக்கு ரப்பர் போடுற ஆக்களிட்டக் குடுத்துப் புதுசா ஏத்தவேணும். ரப்பர்ர நீளம், வெளிவட்டம், சூடு படுற ரோலரோ இல்லையோ, இவ்வளவும் சொல்லவேணும். வெளிவட்டம் பழைய அளவுக்கே கடைஞ்சு தரச்சொல்லுங்கோ, ரெண்டு ரோலரும் பல்லுச் சில்லில ஓடுற மெசின் எண்டா அளவு மாறினா ஒண்டு வேகமா இழுத்து திரும்பவும் சுருங்கும். பெற்றோல், தின்னரால துடைக்காதேங்கோ, சிலிக்கன் ஊதும். இரவில பிரஷரைத் தூக்கி விடுங்கோ, இல்லாட்டி ரப்பர் ஒரு பக்கம் தட்டையாப் போயிடும்.

மாங்குளத்தில ஒருத்தர்: சூடு வரேல்ல, தெர்மல் பியூஸ் (சூடு மிஞ்சினா கரண்டை வெட்டுற பியூஸ்) போயிட்டுது. நேரா வயர் தொடுத்து விடலாமோ?

பதில்: கடையைக் கொளுத்திற யோசினை. அதில அடிச்சிருக்கிற டிகிரியையும் ஆம்ப்ஸையும் பாத்து அதே அளவு வேண்டுங்கோ, நாலைஞ்சு சேத்து வேண்டினாலும் காசு பெரிசில்லை. ஈயம் வைக்காதேங்கோ, அந்தச் சூட்டிலயே புதுசும் போயிடும், கிரிம்ப் பண்ணி, அதாவது சின்ன உலோகக் குழாயில வயரை வைச்சு நசுக்கி விடுங்கோ. பிறகு சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்டையும் பாருங்கோ, பியூஸ் சும்மா போறேல்ல.

மல்லாவித் தம்பி: மாமா கனடாவில இருந்து பழைய மெசின் அனுப்பினவர், 120 வோல்ட்.

பதில்: எங்கட 230ல நேரா குத்தினா முடிஞ்சுது. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேணும், பிளேட்டில எழுதியிருக்கிற வாட்ஸை விடக் கூடினதா. அங்க 60 ஹேர்ட்ஸ், இஞ்ச 50, சின்க்ரனஸ் மோட்டர் (கரண்டின்ர ஹேர்ட்ஸுக்கு ஏத்த வேகத்தில ஓடுறது) எண்டா ஆறில ஒரு பங்கு வேகம் குறையும், பழுதெண்டு நினைச்சுக் கழட்டாதேங்கோ.

வவுனியா: எமேர்ஜென்சி சுவிட்ச் உடைஞ்சுது.

பதில்: ஓட்டையை அளவுங்கோ, 22 மி.மீ. எண்டா பனல் போர்ட் சாமான் விக்கிற கடையில கேளுங்கோ. அமத்தினா கரண்ட் வெட்டுற வகை வேணும்.