மோதிரம் கிடைத்த இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வு பெற்றபின் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி, நிலத்துக்காரர்களிடம் முறையாக அனுமதி பெற்று, வார இறுதிகளில் தேடி வருகிறேன். சென்ற மாதம், ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பழைய வீட்டின் பின்புறத்தில் ஆறு அங்குல ஆழத்தில் ஒரு தங்க மோதிரம் கிடைத்தது. உட்புறத்தில் இரண்டு எழுத்துகளும், 1968ஆம் ஆண்டின் ஒரு தேதியும், 750 என்ற எண்ணும் உள்ளன. நன்றாகத் தேய்த்துக் கழுவிப் படமெடுத்து முகநூலில் போட்டேன். மூன்றே நாளில் நான்கு பேர் தங்களுடையது என்று எழுதிவிட்டார்கள். இதற்கிடையே, முன்பு அந்த வீட்டில் குடியிருந்த குடும்பத்தின் முகவரியை இப்போதைய உரிமையாளர் தந்திருக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொலைந்ததை இன்று கொண்டுபோய் நீட்டி அவர்களைத் தொந்தரவு செய்வது முறையா? அவ்வளவு ஆழத்தில் இருந்ததைப் பார்த்தால் யாரோ திருடிப் புதைத்தது போலத் தோன்றுகிறது. அதையும் சொல்லலாமா? சன்மானம் கொடுத்தால் வாங்கலாமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

நீங்கள் எழுதியிருந்த அந்த இரண்டு எழுத்துகளையும் முழுத் தேதியையும் இங்கே வெளியிடும்போது நீக்கியிருக்கிறேன். நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. மோதிரத்தின் உட்புறத்தில் இருப்பது உரியவருக்கு மட்டுமே தெரிந்த விடை; அதை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, யாருடையது என்று கேட்டால் நான்கு பேர் வராமல் என்ன செய்வார்கள்? வெளிப்புறத்தை மட்டும் படமெடுத்துப் போட்டு, உள்ளே என்ன பொறித்திருக்கிறது என்று வருகிறவரிடம் கேட்டிருக்க வேண்டும். தேய்த்ததும் தவறு. தங்கம் மண்ணில் கெடுவதில்லை. தண்ணீரில் ஊறவைத்தால் மண் தானே விட்டுப்போகும், ஒட்டியிருக்கும் மணலோடு சேர்த்துத் தேய்த்தால் பொறித்த எழுத்துதான் தேயும்.

750 என்பது ஆயிரத்தில் எழுநூற்றைம்பது பங்கு தங்கம், அதாவது பதினெட்டு கேரட். அது யாரையும் அடையாளம் காட்டாது. 1968 என்பது பெரும்பாலும் திருமணம் நடந்த ஆண்டு, தொலைந்த ஆண்டு அல்ல. மோதிரம் நாற்பது ஆண்டுகள் விரலில் இருந்துவிட்டுக்கூடத் தொலைந்திருக்கலாம். திருப்பிக் கொடுப்பது முறையா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. 1722இல் லண்டனில், புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் கண்டெடுத்த நகை தொடர்பான வழக்கில், கண்டெடுத்தவருக்கு உண்மையான உரிமையாளரைத் தவிர மற்றெல்லோரையும்விட உரிமை அதிகம் என்று தீர்ப்பாயிற்று. அந்தத் ‘தவிர’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் உங்கள் நிலையையே உதாரணமாக எழுதிவைத்தது: விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்த ஒருவர், உரியவரைத் தேட முயலாமல் உடனே விற்றால் அவர் குற்றவாளி. ஆகவே முகவரி கையில் இருக்கும்போது தொந்தரவு, மறதி என்றெல்லாம் சாக்குச் சொல்லாதீர்கள்.

என்னை உறுத்தியது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி. ஆறு அங்குல ஆழம், ஆகவே திருடிப் புதைத்தது. எவ்வளவு எளிதாக ஒரு திருடனை உருவாக்கிவிட்டீர்கள்! டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் வீட்டருகே ஒரு வயலின் மேற்பரப்பில் 1842இல் சுண்ணாம்புக்கட்டிகளைப் பரப்பி வைத்திருந்தார். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1871இல், குழி வெட்டிப் பார்த்தபோது அவை ஏழு அங்குலத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தன. யாரும் புதைக்கவில்லை. புழுக்கள் அடிமண்ணைக் கொண்டுவந்து மேலே கொட்டக் கொட்ட, மேலே கிடந்தது தானாகவே கீழே போயிற்று. உங்கள் ஆறு அங்குலத்துக்குப் புழுக்களும் காலமும் போதும், திருடன் தேவையில்லை.

அதே 1881இல் நடந்த இன்னொன்றும் உங்கள் கருவியின் வரலாற்றைச் சேர்ந்தது. ஜூலை மாதம் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க, தொலைபேசியை உருவாக்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல், மின்தூண்டலால் உலோகத்தை உணரும் ஒரு கருவியோடு வந்தார். படுக்கையின் உலோகச் சுருள்கள் ஒலியைக் குழப்பின. அதைவிட மோசம், குண்டு வலப்பக்கத்தில்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் முன்பே முடிவு செய்திருந்ததால் அந்தப் பக்கத்தில்தான் தேட முடிந்தது. செப்டம்பரில் அதிபர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கத்தில் கிடைத்தது. வீட்டில் ஒரு நகை தொலைந்தாலும் பெரும்பாலும் இப்படித்தான். சந்தேகம் முதலில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடும், தேடல் அதன் பின்னால் போகும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மாவின் மோதிரம் தொலைந்தது. கணவரை இழந்த அத்தை அப்போது எங்களோடு இருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார், சண்டை வந்திருக்கும், பேசித் தீர்ந்திருக்கும். பீரோ சாவி அதுவரை சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். மறுவாரம் அது அம்மாவின் தலையணை உறைக்குள் போய்விட்டது. அத்தை ஒருநாள் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வெறும் ஆணியைப் பார்த்தபடி நின்றிருந்தார். பிறகு கையிலிருந்த கரித்துணியை அதில் மாட்டினார். அது காலியாக இருப்பது மற்றவர் கண்ணில் படக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. அடுத்த ஆண்டே வேறோர் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், தன் கைப்பையைத் திறந்தபடியே, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்திருப்பார்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, பின்புறம் ஓர் அறை கட்ட மண் தோண்டியபோது மோதிரம் கிடைத்தது. வேலை செய்தவர் நேர்மையானவர். மண்ணோடு உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கவே இல்லை, முதலில் “எங்கே கிடைத்தது?” என்றுதான் கேட்டார். அவரால் சொல்ல முடியவில்லை. துணிக்கொடி இருந்த இடம், சுவரோரம், அத்தை படுத்திருந்த அறையின் ஜன்னலடி என்று மூன்று இடங்களில் வெட்டிய மண்ணை ஒரே குவியலாகப் போட்டிருந்தார்; குவியலை அள்ளும்போதுதான் மோதிரம் கண்ணில் பட்டது. துணிக்கொடியின் அடியில் என்றால் ஈரக்கையிலிருந்து நழுவியது. ஜன்னலடி என்றால் வேறு. அம்மா அந்த மண்குவியலின் முன் வெகுநேரம் நின்றிருந்தார். அத்தை இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. “கை நழுவித்தான் விழுந்திருக்கும்” என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் எங்களில் ஒருவர் “ஆமாம்” என்று சொல்வதற்காகக் காத்திருப்பார்.

ஆகவே, ச., மோதிரத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அது கிடைத்த இடத்தையும் கொண்டுபோங்கள். கண்டெடுத்தவற்றைத் திருப்பிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள்: பொருள், பெயர், கண்ணீர், ஒரு புகைப்படம் என்று முடித்துக்கொள்கிறார்கள். இடத்தைக் குறித்துவைப்பது தொல்லியலாளர்களின் வேலை என்று நினைப்பு. ஆயிரம் ஆண்டுப் பழைய காசுக்கு இடம் முக்கியம் என்றால், உயிரோடு இருக்கும் மனிதர்களின் மோதிரத்துக்கு முக்கியம் இல்லையா? ‘பின்புறத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஓர் இடமா? எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி, கிணறு இருந்ததா, படி இருந்ததா, துணிக்கொடிக்குக் கம்பம் நட்ட குழி தெரிகிறதா, எந்த ஜன்னலுக்கு நேரே? இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. அந்த வீட்டில் யார் எந்த ஆணியைப் பார்த்தபடி நின்றார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மழைக்கு முன் அங்கே திரும்பிப் போங்கள். அளவு நாடாவும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். தோண்டிய குழியைச் சரியாக மூடியிருந்தால் தடம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனாலும் தெரியும். பொன்னும் வெள்ளியும் மட்டும் கேட்பதற்காகக் கருவியில் இரும்பின் ஒலியை அடக்கிவைத்துத் தேடுவது உங்கள் கூட்டத்தாரின் வழக்கம். இம்முறை அதைத் திறந்துவிட்டு, சுற்றிலும் ஐந்தடி நிதானமாகத் தேடுங்கள். துணி மாட்டும் கிளிப்பின் துருப்பிடித்த சுருள்கம்பிகள் நான்கைந்து கிடைத்தால், அங்கே ஒரு கொடி இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். முதல்முறை எடுத்துத் தூர எறிந்த குப்பையையும் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒன்றும் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள், உங்கள் ஊகத்தை அதில் சேர்க்காதீர்கள்.

குடும்பத்துக்கு முதலில் ஒரு கடிதம் போடுங்கள். நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டாம், கேமராவோடு போகவே வேண்டாம். ஒரு பொருள் கிடைத்திருக்கிறது, உங்கள் வீட்டில் ஏதேனும் தொலைந்ததுண்டா என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும்; கோபத்தில் தானே கழற்றி எறிந்த மோதிரங்களும் உலகத்தில் உண்டு. உள்ளே பொறித்திருப்பதை அவர்களாகச் சொன்னால் மோதிரத்தையும், நீங்கள் வரைந்த படத்தையும், அந்தச் சுருள்கம்பிகளையும் ஒரே உறையில் வைத்துக் கொடுங்கள்.

சன்மானம் வேண்டாம். வற்புறுத்தினால் பேருந்துச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முகநூல் படத்தை இன்றே நீக்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்