ஆளை அனுப்பிய பிறகும் 2025 கணக்கில் ரஸ்ஸல் வில்சன் பெயர் ஏன்?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் சம்பளக் கணக்குத் தளத்தில், டென்வர் அணியின் 2025 கணக்கில் வில்சன் பெயரில் 3.2 கோடி டாலர் இருப்பதைப் பார்த்துக் கேட்டிருந்தீர்கள். தளத்தில் பிழை இல்லை, அந்த 3.2 கோடி டாலர் சரியான எண்தான். 2024 மார்ச்சில் டென்வர் பிராங்கோஸ் வில்சனை விடுவித்தது ‘ஜூன் 1க்குப் பிந்தைய’ விடுவிப்பாக, அதாவது ஜூன் 1 தாண்டி விடுவித்ததாகக் கணக்கிடும் முறையில். அதனால் சம்பள வரம்பில் (ஓர் அணி ஓர் ஆண்டில் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சத் தொகை) விழும் சுமை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிந்தது: 2024இல் 5.3 கோடி, மீதி 2025இல்.

காரணம் போனஸ். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதே 5 கோடி டாலரை, அதாவது சைனிங் போனஸை, ரொக்கமாகக் கொடுத்துவிட்டார்கள்; சம்பள வரம்புக் கணக்கில் மட்டும் அது ஆண்டுக்கு 1 கோடியாக 2026 வரை எழுதப்பட்டது. 2023இல் கொடுத்த 2 கோடி ஆப்ஷன் போனஸும் (ஒப்பந்தத்தில் உள்ள ஓர் உரிமையை அணி பயன்படுத்தும்போது தரும் தொகை) அப்படியே, ஆண்டுக்கு 40 லட்சம், 2027 வரை. ஆள் போனதும் மிச்சத் தவணைகள் மொத்தமாக வந்து விழும்.

நீங்களே கூட்டிப் பாருங்கள்:

1. 2024: ஆள் போனாலும் கொடுத்தாக வேண்டிய உத்தரவாதத் தொகை 3.9 கோடி + சைனிங் தவணை 1 கோடி + ஆப்ஷன் தவணை 40 லட்சம் = 5.3 கோடி.
2. 2025: சைனிங் போனஸில் மிச்சம் 2 கோடி + ஆப்ஷனில் 1.2 கோடி = 3.2 கோடி.

பிரிக்காவிட்டால் 8.5 கோடியும் 2024 தலையிலேயே விழுந்திருக்கும். அந்த ஆண்டு ஓர் அணியின் மொத்த வரம்பே 25.54 கோடிதான்! (அடுத்து அவரைச் சேர்த்துக்கொண்ட பிட்ஸ்பர்க் அணி கொடுத்த குறைந்தபட்சச் சம்பளம் கழிந்தது, ஆனால் அது சில்லறை.)

அப்புறம், இதே கணக்கை உங்கள் அணியின் டிரேடுக்கு, அதாவது வீரரை வேறு அணிக்கு மாற்றிவிடுவதற்கு, போடாதீர்கள். மார்ச்சில் டிரேடு செய்தால் சுமையைப் பிரிக்கும் இந்தச் சலுகை கிடையாது, ஜூன் 1 தாண்டித்தான் செய்ய வேண்டும். விடுவிப்பிலும் ஓர் ஆண்டுக்கு இரண்டு பேருக்குத்தான்.